பூச்சியத்தில் தொடங்கும் கோடு

சோடியம் விளக்கு உடனே மஞ்சளாவதில்லை.
முதலில் ஜம்புப்பழத் தோலின் சிவப்பு.
பத்து நிமிடம் பொறுக்க வேண்டும்.
அந்தப் பத்து நிமிடத்தில் பேசிக்கொள்ள
எங்களிடம் எதுவும் இருக்கவில்லை.

பதிவிலக்கம் நாற்பத்தொன்று நான்,
நாற்பத்திரண்டு நுஸ்கியா.
வந்தாறுமூலை இருட்டறையில்
யாரை யாரோடு இருத்துவதென்று முடிவெடுத்தது
சித்திரைக்கு முன்னமே தட்டச்சான ஒரு பட்டியல்.
ஒருவரும் அதைத் திருத்தவில்லை.
அவள் காத்தான்குடி, நான் ஆரையம்பதி.
ஒரே பஸ்.
மூன்று மாதமாய் வேறு வேறு சீற்.

ஒரு மெல்லிய பிளவு.
அதன் முன்னால், கண்ணாடியால் கூரை வேய்ந்ததுபோல்
இரட்டை அரியம்.
உள்ளே போகும் வெளிச்சம் ஒன்று;
வெளியே வருகையில்
ஒரு மில்லிமீற்றர் தள்ளி நிற்கும் இருவரிடமிருந்து
வருவதாய் நடிக்கும்.

நுணுக்குக்காட்டியில் கண் வைத்தேன்.
மஞ்சள், கறுப்பு, மஞ்சள், கறுப்பு.
வெளிச்சத்தோடு வெளிச்சத்தைக் கூட்டினால்
இருட்டும் வரும் என்பதைக்
கணக்காய் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான்.
கண்ணால் கண்டபோது
கொஞ்சம் பயந்துதான் போனேன்.
பாடநூலில் இதன் பேர் தலையீடு.
எங்கள் தெருக்களில் அந்தச் சொல்லுக்கு
வேறு வேலை இருந்தது.

நான் திருகாணியைத் திருப்ப அவள் எழுதினாள்.
முதலாம் கோடு 31.26.
இருபதாம் கோடு 44.69.
கழித்தால் 13.43 மில்லிமீற்றர்.
இருபதால் பிரித்தாள்: பட்டி இடைவெளி 0.67.
அதை மூலங்களின் இடைத்தூரத்தால் பெருக்கி
ஒன்று தசம் இரண்டு மீற்றரால் பிரிக்க
அலைநீளம் வந்தது,
ஐந்நூற்றறுபது நனோமீற்றர்.

"இது பச்சைக்குக் கிட்டவல்லவா" என்றாள்.
விளக்கைப் பார்த்தோம்.
அது பிடிவாதமாய் மஞ்சள்.

எண்ணியது நான்.
எழுதியது அவள்.
பிழை யாருடையதென்று இருவரும் கேட்கவில்லை;
கேட்காமல் விட்டது கேட்டதைவிடச் சத்தமாய் இருந்தது.
மின்விசிறி இல்லாத அறை,
கறுப்புத் திரைச்சீலையில் பழைய ஈரவாடை,
பக்கத்து மேசையில் யாரோ
பென்சில் தேடி இருட்டைத் தடவினார்கள்.

அப்போதுதான் அவள்
விளக்குக்கு முன்னால் கையை விரித்தாள்.
"இஞ்ச பாருகா. விரல் எத்தின?"
"அஞ்சு."
"நடுவுல?"

நாலு.

இருபது கோட்டுக்குப் பத்தொன்பது இடைவெளி.
முதற் கோட்டை ஒன்றென்று எண்ணியிருக்கிறேன்,
வேலிக்குக் கம்பி வாங்கப் போய்க்
கட்டைகளை எண்ணி வந்தவள் மாதிரி.
பத்தொன்பதால் பிரித்தோம்.
0.707. பெருக்கி, பிரித்து,
ஐந்நூற்றெண்பத்தொன்பது.
அவள் சிரித்தது தெரியவில்லை, கேட்டது.
"மறுகா ஒருக்கா எண்ணுவம். பூச்சியத்துல இருந்து."
இரண்டு குரலிலும் எண்ணினோம்.

தாளின் கடைசிக் கேள்வி:
மூலங்களின் இடைத்தூரம் பாதியானால்
பட்டி இடைவெளி என்னவாகும்?
இரட்டிக்கும் என்று எழுதினோம்.
நெருங்க நெருங்க
வெளிச்சம் அகலும், இருட்டும் அகலும்.
பேனையை மூடிய பிறகும்
இருவரும் அந்த விடையையே பார்த்திருந்தோம்.

கல்லடிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது.
வாவித் தண்ணீரில் இரண்டு விளக்குகள்
பக்கம் பக்கமாய் நீண்டு கிடந்தன.
இன்று ஒரே சீற்றில்,
யன்னலோரம் அவள்.
"இதுல ஏன் கறுப்புக் கோடு விழல்ல?"
"அது ரெண்டும் வேற வேற விளக்கு" என்றேன்.
ஒன்றையொன்று அறியாத வெளிச்சங்கள்
எவ்வளவு மோதினாலும் இருட்டைச் செய்யாது.
அதற்கு ஒரே பிளவிலிருந்து
வந்திருக்க வேண்டும்.
இந்த மிச்சத்தை நான் சொல்லவில்லை.
அவளும் பௌதிகம் படிப்பவள்.

காத்தான்குடியில் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.
திரும்பிப் பார்த்தாளோ தெரியாது,
எதிரே வந்த லொறி வெளிச்சம் கண்ணைக் கூசியது.
என் இறக்கம் வரைக்கும்
தெருவிளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டு போனேன்,
அவள் இறங்கிய இடத்துக் கம்பத்தைப்
பூச்சியம் என்று வைத்து.